மூட மறுத்த தாடையும் ஒரு குரவையும்

முப்பத்தொன்பது வயதில் ஒரு பெண் பல்லுக்குக் கம்பி போடுவோமா என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனையைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. நான் வைக்கவில்லை. என் மூத்த சகோதரியிடம், ராத்தாவிடம், சொன்னேன். ராத்தாவிடம் லுஹர் தொழுகை நேரத்துக்குச் சொன்ன செய்தி அஸருக்குள் சாய்ந்தமருது முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். மஃரிபுக்குள் காரைதீவைத் தாண்டி நிந்தவூருக்குப் போய்விடும். (எங்கள் ஊருக்குத் தபால் கந்தோர் எதற்கு என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.) மறுநாள் காலை பாடசாலை வாசலில் வைத்து, நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண், "டீச்சர், கம்பி போடப் போறீங்களாம், மெய்யா?" என்று கேட்டார்.

வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பு வந்து பொருந்துகிற இடத்தில் அது ஆரம்பித்தது. எதையாவது கடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். முதலில் எனக்கு மட்டும் கேட்டது. பிறகு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கணவர் ஜவ்பருக்கும் கேட்கத் தொடங்கியது.

"என்ன புள்ள, கச்சான் கடலையக் கோதோட திங்கிறியா?" என்று ஒருநாள் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

நான் தின்றுகொண்டிருந்தது இடியப்பம்.

காதில் கோளாறு என்று நினைத்துக் காதுக்கு மருந்து விட்டேன். தலைவலி என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினேன். பக்கத்து வீட்டுக் கதீஜா மாமி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், கன்னம் சிவந்தது, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் கணித ஆசிரியை. ஒரு நாளைக்கு ஆறு பாடம். நாலாம் பாடத்துக்குப் பிறகு பின்னங்களை வாயால் விளக்க முடியாமல் கரும்பலகையைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினேன். டீச்சருக்குக் கோபம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தவணையில் என் வகுப்பு இருந்த அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

கடைசியில் பல் வைத்தியரிடம் போனேன். கதிரையைச் சாய்த்து, வெளிச்சத்தை நேரே முகத்துக்குத் திருப்பிய பிறகுதான் முகமூடிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களை அடையாளம் கண்டேன். நஸ்ரின்! பத்தாம் ஆண்டில் என்னிடம் கணிதம் படித்தவள். கெட்டிக்காரி, ஆனால் வாய் ஓயாத பிள்ளை. வாரத்துக்கு இரண்டு தரமாவது வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"டீச்சர், நல்லா ஆ காட்டுங்க" என்றாள். நான் காட்டினேன். சுகம் விசாரிக்கலாமே என்று ஏதோ சொல்ல முயன்றேன்.

"கதைக்காம இரிங்க டீச்சர்."

அந்த வசனத்தை அவள் கொஞ்சம் ருசித்தே சொன்னாள் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

பார்த்து முடித்துவிட்டு விளக்கினாள். "உங்கட கடி சரியில்ல டீச்சர். வலப்பக்கம் மேல்பல்லும் கீழ்பல்லும் மாறிப் பொருந்துது. அதோட, நித்திரையில பல்ல நெறுமுறீங்க. முனையெல்லாம் தேஞ்சி போய் இரிக்கி."

"கம்பி போட்டா வலி போகுமா மகள்?"

"போகலாம், போகாமலும் இரிக்கலாம். கம்பி பல்ல நேராக்கும், கடியச் சரியாக்கும். தாடை வலி முழுசாப் போயிரும் எண்டு நான் வாக்குத் தர மாட்டன். முதல்ல பல்லுக்கு மேல மாட்டுற ஒரு தட்டு செஞ்சி தாறன், படுக்கக்குள்ள போடுங்க. மெதுவான சாப்பாடா சாப்பிடுங்க. வாய அகலமாத் திறக்கவே வேணாம், கொட்டாவி வந்தாலும் கையால நாடியப் பிடிச்சிக்கிடுங்க. கம்பி போடுறதெண்டா அதுக்கெண்டு இரிக்கிற விசேட வைத்தியருக்குக் கடிதம் தாறன். யோசிச்சு முடிவச் செல்லுங்க, அவசரமில்ல."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வலி வந்தது ஒரு வகையில் எனக்கு வசதியாகப் போயிற்று. என் மேல்வரிசையில் ஒரு பல் இன்னொரு பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். சின்ன வயதிலிருந்து அதை மறைத்தே வாழ்ந்திருக்கிறேன். என் கல்யாணப் படத்தில்கூட, யாரோ உள்ளே பூட்டி வைத்த மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். கம்பி போட வேண்டும் என்று எனக்குப் பதினாலு வயதிலிருந்தே ஆசை. ஆனால் இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு டீச்சர், நாற்பதைத் தொடுகிறவள், "எனக்கு அழகான பல் வேண்டும்" என்று எப்படி வாய் திறந்து சொல்வாள்? வலி என்றால் சொல்லலாம். வலிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதனால் எல்லோரிடமும் வலி, வலி என்றேன். ஆசையைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"வேற ஏதும் கேக்க இரிக்கா டீச்சர்?" என்றாள் நஸ்ரின்.

இருந்தது. பெரிய கேள்வியே இருந்தது. இன்னும் மூன்று கிழமையில் ராத்தாவின் மகள் ஷிப்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அட்டாளைச்சேனை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி 'உலுலுலு' என்று குரவை போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அதைத் தொடங்கி வைக்கிறவள் நான். என் மூச்சுக்கு அப்படி ஒரு நீளம். பதினெட்டு வயதில் தொடங்கியது, இத்தனை வருடமாக அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது. யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டமும் அதில் உண்டு: தொடங்குகிறவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், அவள் வாயை மூடினால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள்.

குரவை போடலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் "வகுப்பில் சத்தம் போடாதே" என்று வெளியே நிறுத்திய பிள்ளையிடம் போய், "மகள், நான் ஊர் கேட்கச் சத்தம் போடலாமா?" என்று எந்த முகத்தோடு கேட்பது? நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"வட்டிலப்பம் சாப்பிடலாமா?"

"ஓம் டீச்சர், தாராளமா."

வீட்டுக்கு வந்து கம்பிப் பேச்சை எடுத்தேன். ஜவ்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறார், பள்ளிவாசல் நிர்வாக சபையிலும் இருக்கிறார். சந்திக் கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வரக்கூட சேர்ட்டை ஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு போகிறவர். தெருவில் சத்தமாகச் சிரித்ததை நான் கண்டதில்லை.

"இந்த வயசில கம்பியா?" என்றார். "ஸ்கூல்ல புள்ளயள் சிரிக்காதா? ஆக்கள் என்ன கதைப்பாங்க? ஜவ்பர்ட பொஞ்சாதிக்கு இப்பதான் பல்லு முளைக்குதாம் எண்டு செல்ல மாட்டாங்களா?"

"வலிக்குதே."

"வலிக்குத்தான் தட்டு தந்திரிக்காங்களே, அதப் போடு."

(தட்டை மூன்று நாள் போட்டேன். நாலாம் நாளிலிருந்து அது தன் பெட்டிக்குள்ளேயே நிம்மதியாகத் தூங்கியது.)

ராத்தா வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். "கல்யாணம் முடியட்டும் புள்ள. மாப்புள வீட்டாக்கள் முதமுதல்ல வரக்குள்ள பல்லு நிறையக் கம்பியோட நிண்டா நல்லாவா இரிக்கும்? பொண்ணுட சாச்சிக்கு என்னமோ நோய் வருத்தமெண்டு நினைப்பாங்க."

கதீஜா மாமி மட்டும்தான் சிகிச்சை என்ற கோணத்தில் யோசித்தார். "பல்லப் புடுங்கிட்டா வலியும் இல்ல, கம்பியும் இல்ல" என்றார்.

நானும் ஒப்புக்கொண்டேன். கல்யாணம் முடியட்டும். கம்பியோடு நின்று ராத்தாவை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வெட்கப்பட வைக்கக் கூடாது. அவ்வளவு நல்ல எண்ணம் எனக்கு.

கல்யாண நாள் வந்தது. ராத்தா வீட்டு முற்றத்தில் பந்தல். நான் புதுச் சாரி உடுத்து, முக்காடு போட்டு, பந்தல் வாசலில் பெண்களுக்கு முன்வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்திலும் பின்னாலுமாக நாற்பது பெண்களாவது இருப்பார்கள். காலையிலிருந்தே தாடை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குரவைதானே, அரை நிமிட வேலை, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அதைச் சமாதானப்படுத்தினேன்.

வாகனங்கள் வரிசையாக வந்து குறுகிய ஒழுங்கைத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. மாப்பிள்ளை வந்த கார் பூவும் ரிப்பனுமாகக் கடைசியில் நின்றது. மாப்பிள்ளை நல்ல உயரம், வெட்கத்தில் வியர்த்திருந்தார். வாசலில் ஒரு பேசின் வைத்திருந்தார்கள். ஷிப்னாவின் தம்பி, மச்சான்மாரின் முறைப்படி, மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதற்காகக் கூஜாவோடு குந்தினான். மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றி ஒரு காலைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

எப்பேர்ப்பட்ட குரவை! நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: என் வாழ்நாளில் அதுபோல ஒன்றை நான் போட்டதில்லை. அந்த நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் அதிர்ந்தது. உச்சத்துக்குப் போய், இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறப்போம் என்று ஆசைப்பட்ட அந்த நொடியில், காதுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

வாயை மூடப் பார்த்தேன். மூடவில்லை. கீழ்த்தாடை முன்னுக்குப் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்றது. நாக்கு நின்றுவிட்டது, குரல் நின்றுவிட்டது, வாய் மட்டும் அகலத் திறந்தபடி இருந்தது.

மற்றவர்களுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தது என் வாயைத்தான், பின்னால் நின்றவர்கள் பின்பற்றியது அவர்களைத்தான். என் வாய் திறந்திருக்கிறது. திறந்திருந்தால் நிறுத்தக் கூடாது. நிறுத்தவில்லை.

குரவை போய்க்கொண்டே இருந்தது. நான் கையை ஆட்டினேன். இன்னும் சத்தமாக என்று நினைத்துக்கொண்டார்கள். "ஆ! ஆ!" என்று கத்தினேன், புது ராகம் என்று இரண்டு பேர் அதையும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு கால் பேசினுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, குரவை முடியாமல் அசையலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். ஊற்றிய தண்ணீர் நிறைந்து வழிந்தது. கிழவிகள் மூச்சு வாங்கி, மாறி மாறி ஆறிக்கொண்டு தொடர்ந்தார்கள். (மாப்பிள்ளையின் தாய் பிறகு ராத்தாவிடம், "உங்கட ஊர்க் குரவை நல்ல நீளம், மாஷா அல்லாஹ்" என்று மரியாதையாகச் சொன்னாராம்.)

ராத்தா என் பக்கம் வந்து, சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "போதும் புள்ள, வாய மூடு."

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"என்ன ஏலாவா? மாப்புள ஒரு காலத் தண்ணிக்குள்ள வெச்சிட்டு நிக்கிறாரு, மூடு எண்டு செல்றன்!"

"ஆ."

அப்போதுதான் ராத்தா என் கண்களைப் பார்த்தார். அவற்றில் தண்ணீர் நிறைந்து நின்றது. "யா அல்லாஹ்! இவள்ட வாய் மூடுதில்ல!" என்று அவர் போட்ட கூச்சலில்தான் குரவை நின்றது.

அதன்பிறகு நடந்தது ஒரு மாநாடு. ஒருத்தி முதுகில் அடித்தாள். ஒருத்தி தண்ணீர் பருக்கினாள்; அது போன வேகத்தில் திரும்பி வந்து என் புதுச் சாரியில் இறங்கியது. கதீஜா மாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஓதி ஊதிவிட்டு, எல்லோருக்கும் கேட்க, "இது கண்ணூறு! வந்த ஆக்கள்ட கண்ணுதான்!" என்று அறிவித்தார். வந்த ஆட்கள் மாப்பிள்ளை வீட்டார். ராத்தாவின் முகம் போன போக்கை நான் வர்ணிக்க மாட்டேன். "வாய்க்குள்ள ஈ போகும், ஒரு லேஞ்சித் துணியால மூடுங்க" என்றார் இன்னொருவர். அந்த நேரத்தில் எனக்கு உருப்படியாக உதவியவர் அவர் ஒருவர்தான்.

கம்பி போட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்தவள் நான். இரண்டு ஊர் ஆட்களுக்கு நடுவே, வாயைப் பிளந்துகொண்டு, கடைவாயில் நீர் வடிய நின்றேன். நிலம் பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். எடுத்திருந்தாலும் வாயைத் திறந்தபடியேதான் போயிருப்பேன்.

ஜவ்பர் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவம், வா" என்றார். எங்கள் வாகனம் முன்னால் மாட்டியிருந்தது. ஒழுங்கையை விட்டு வெளியே எடுக்கக்கூடியது கடைசியாக வந்த வாகனம் ஒன்றுதான். அது மாப்பிள்ளையின் கார்.

ஆக, பூவும் ரிப்பனும் கட்டிய கல்யாணக் காரின் பின் ஆசனத்தில், சாரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, குனிந்த தலையோடு நான் கல்முனைக்குப் புறப்பட்டேன். பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாக ஜவ்பர். பிரதான வீதியில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். சந்தியில் பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை மறித்து எங்களைப் போகச் சொல்லிச் சிரித்தார். சந்தைக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து எட்டிப் பார்த்து, "பாவம், பொண்ணு அழுகுது, கொஞ்சம் வயசான பொண்ணு போல" என்று சொன்னது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"ஆரும் பாக்கல்ல, நீ பேசாம இரி" என்றார் ஜவ்பர்.

நான் வேறு எப்படி இருப்பது?

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கடமையில் இருந்தவர் இளம் சிங்கள டொக்டர். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. அன்று அது ஒரு பிரச்சினையே இல்லை, எனக்கு எந்த மொழியும் வரவில்லை. தமிழ் தெரிந்த தாதி உள்வார்டுக்குப் போயிருந்தார். ஜவ்பருக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது கந்தோர்ச் சிங்களம். காணிப் பத்திரம், அனுமதிப் பத்திரம், இரண்டு பிரதிகளில் சமர்ப்பிக்கவும் என்ற வகை.

டொக்டர் என் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜவ்பரிடம் ஏதோ கேட்டார். பிறகு ஜவ்பரின் கைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதை ஜவ்பர் எனக்குத் தமிழில் சொன்னது இப்படி.

"இவவுக்கு யாரும் அடிச்சாங்களா?"

"இல்ல, இல்ல! இவ சத்தம் போட்டா."

"ஏன் சத்தம் போட்டா?"

"மாப்பிள்ளையக் கண்டு."

டொக்டர் என் வாயைத் திரும்பப் பார்த்தார். "பயத்திலயா?"

"இல்ல, சந்தோஷத்தில."

"நீங்க ஆரு?"

"நான் புருஷன்."

டொக்டர் பக்கத்தில் நின்ற சிங்களத் தாதியைப் பார்த்தார். தாதி ஜவ்பரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பொலிஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய சங்கதி இது என்று அவர்கள் நினைக்கத் தொடங்கியது எனக்கே விளங்கியது. நான் "ஆ, ஆ" என்று மறுத்தேன். அது என்னவோ முறைப்பாடு சொல்கிற மாதிரித்தான் கேட்டது.

குரவைக்குச் சிங்களத்தில் என்ன சொல்? ஜவ்பர் யோசித்தார். வியர்த்தார். எந்தச் சுற்றறிக்கையிலும் அந்தச் சொல் வந்ததில்லை. என்னைப் பார்த்தார். என் நாடியிலிருந்து வடிகிற நீரைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்தார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கண்ணை மூடினார்.

குரவை போட்டார்.

பள்ளிவாசல் நிர்வாக சபை உறுப்பினர், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய கனவான், அரசாங்க உத்தியோகத்தர், அவசர சிகிச்சைப் பிரிவின் நடுவில் நின்று, நாக்கை வெளியே விட்டு 'உலுலுலுலு' என்றார். வயலில் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஸ்டார்ட் எடுக்காமல் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் குரவைதான், சந்தேகமில்லை. ஏனென்றால் வெளியே வாங்கில் உட்கார்ந்து மருந்துக்குக் காத்திருந்த பெண்கள் நாலைந்து பேர், யார் எவர் என்று பார்க்காமல், பழக்கதோஷத்தில் உடனே சேர்ந்து எடுத்துக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி கல்யாண வீடாகிவிட்டது. ஜவ்பர் பயந்துபோய் வாயை மூடினார். அவர்களும் ஒழுங்காக நிறுத்தினார்கள்.

டொக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதி வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த டொக்டர், கையுறைக்கு மேலே துணியைச் சுற்றி, இரண்டு பெருவிரல்களையும் என் கடைவாய்ப் பற்களில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னுக்குத் தள்ளினார். 'டொக்'. வாய் மூடியது. வாய் மூடுவது எவ்வளவு பெரிய நிஃமத், எப்பேர்ப்பட்ட அருட்கொடை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் பதறிக் கையால் தடுத்தார். கதைக்கவே கூடாது என்று நாடியையும் உச்சந்தலையையும் சேர்த்து வெள்ளைப் பட்டியால் கட்டிவிட்டார்.

திரும்பி வரும்போதும் அதே கார்தான். ஜவ்பர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். தான் செய்த காரியம் மெல்ல மெல்ல அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாகக் கஞ்சி போட்டு ஸ்திரி பிடித்துக் காத்து வந்த மதிப்பை, நான் கேட்காமலே, என் வாய்க்காக ஒரு நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டாரே. இவரிடமா நான் பொய் சொன்னேன்? கதைக்க முடியாததால் போனை எடுத்து எழுதி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

'கம்பி வலிக்கு மட்டுமில்ல. வலி போகாட்டியும் எனக்கு வேணும். சின்ன வயசில இருந்தே ஆசை.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். "இத முதல்லயே செல்லியிரிக்கலாமே" என்றார், கொஞ்சம் மனம் நொந்த குரலில். "நான் என்ன வேணாம் எண்டா செல்லியிரிப்பன்?"

(சொல்லித்தான் இருந்தார். ஆனால் பட்டி கட்டிய வாயோடு எதற்கு வாதம்?)

திரும்ப எழுதினேன்: 'ஆக்கள் என்ன கதைப்பாங்க?'

ஜவ்பர் ஒரு பெருமூச்சு விட்டார். "இண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் குரவை போட்டிரிக்கன். இனி ஆறு மாசத்துக்கு ஆக்களுக்கு உன்ட பல்லப் பத்திக் கதைக்க நேரமிரிக்குமா? போடு கம்பிய."

கல்யாண வீட்டில் தலைக்கட்டோடு ஒரு மூலையில் இருந்து, வட்டிலப்பத்தைப் பல்லிடுக்கால் உறிஞ்சினேன். ராத்தா வந்து என் முன்னால் நின்று, திட்டத்தான் வாயைத் திறந்தார்; என் கோலத்தைக் கண்டு அழப் பார்த்தார்; கடைசியில் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அடுத்த கிழமை நஸ்ரினிடம் போனேன். விசயம் எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. "குரவை போடலாமா எண்டு ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே டீச்சர். கட்டாயம் ஏலா எண்டு செல்லியிரிப்பன்."

"அதனாலதான் மகள் கேக்கல்ல" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் கம்பி போட்டிருந்தேன். பாடசாலையில் பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு கிழமை. பிறகு மறந்துவிட்டார்கள். தட்டையும் ஒழுங்காகப் போட்டேன், நஸ்ரின் சொன்ன பயிற்சிகளையும் செய்தேன். பல் நேராகிவிட்டது. வலி முக்கால்வாசி போயிற்று. குளிர் நாட்களில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நஸ்ரின் வாக்குத் தரவில்லை, அதனால் நான் வழக்குப் பேச முடியாது.

ஜவ்பர் சொன்னது ஒரு விசயத்தில் மட்டும் பிழையாகிவிட்டது. ஆறு மாதம் என்றார். மூன்று வருடமாகியும் ஊர் அவர் குரவையை விடவில்லை. கந்தோரில் யாராவது கேட்டால், "அது அவசர மருத்துவத் தேவைக்காகச் செய்யப்பட்ட செயல்முறை விளக்கம்" என்பார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

போன வருடம் ஷிப்னாவுக்கு மகன் பிறந்தான். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெண்களெல்லாம் வாசலில் கூடி, பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஆயுளுக்கும் தடை. நான் கையை விரித்தேன். ராத்தா ஆண்கள் இருந்த மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டார்:

"மச்சான், கொஞ்சம் இஞ்சால வாங்க! குரவைக்கு ஆள் இல்லாமக் கிடக்கு!"

பழைய ஜவ்பராக இருந்தால் அன்றைக்கே ஊரை விட்டுப் போயிருப்பார். இவர் இருந்த இடத்திலிருந்து எழும்பாமல், தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்:

"எழுத்துமூலம் விண்ணப்பிங்க மதினி. பரிசீலிக்கிறன்."

ராத்தா விடவில்லை, எழுத்துமூலமே கொடுத்தார், இரண்டு பிரதிகளில். ஒன்று எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.